புழுக்க நாளில் ரஹீமோ

"மேலே பாருங்க" என்று ரஹீமோ சொன்னால் மேலே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

அவள் சொன்னதும் பின்னால் வரும் வெளியூர்க்காரர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து என் கடை வாசல் உத்தரத்தைப் பார்ப்பார்கள். கரிபிடித்த மரம், சிட்டுக்குருவி விட்டுப்போன கூடு, கம்பி அறுந்து தொங்கும் ஒரு பல்பு. அவ்வளவுதான். ஆனாலும் பார்ப்பார்கள். படமும் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் ரஹீமோ என் கடைப் பலகையில் கையூன்றி, வலது காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, சத்தமில்லாமல் மூச்சு விடுவாள். "இது எந்தக் காலத்து மரம்?" என்று யாராவது கேட்டால், கால் எவ்வளவு வலிக்கிறதோ அதற்கேற்ப மரத்துக்கு வயது கூடும்.

தெத்துவான் ஊரின் மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்தில், மூன்று சந்துகள் பிரியும் முனையில் என் கடை. பட்டுநூல், சரிகைப் பின்னல், கஃப்தான் அங்கிக்கு வைக்கும் நூல் பொத்தான். ரஹீமோ வழிகாட்டி. அரசாங்கம் கொடுத்த அட்டை கழுத்தில் தொங்கும், ஆனால் எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டே தொங்கும். "அதுல இருக்கவ நல்லாத் தூங்கி எந்திரிச்சவ. அவளப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு" என்பாள். குட்டையான, கனத்த உடம்பு. சாம்பல் நிற ஜெல்லாபா அங்கியின் கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டிருப்பாள். கீழே, மகள் போட்டுக் கழித்த ஓடுகிறவர்கள் போடும் சப்பாத்து. என்னைவிட ஓரிரு வயது மூத்தவள்தான். ஆனாலும் நாங்கள் வாடி போடி என்றுதான் பேசிக்கொள்வோம்.

தேநீர் கொடுத்தால் நின்றபடியே குடிப்பாள். முக்காலியை இழுத்துப் போட்டாலும் உட்கார மாட்டாள். "உக்காந்தா போச்சுடி ஸஃபியா. அப்புறம் என்னைய கிரேன் வச்சுத்தான் தூக்கணும்."

அவள் சொல்லும் வரலாறு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. கடலுக்கு அக்கரையில், அந்தலூசியாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் இந்த நகரத்தைக் கட்டிய கதையைக் குளிர்காலத்தில் கல் கல்லாக அடுக்கிச் சொல்வாள். கேட்பவர்களின் கண் கலங்கும். கோடையில் அதே கதையில் எல்லோரும் அவசர அவசரமாக வந்து அவசர அவசரமாகக் கட்டிவிடுவார்கள். வெயில் ஏற ஏற அரசர்கள் சீக்கிரம் செத்துப்போவார்கள். எதிர்க்கடை அல்லால் அண்ணன், ஆலிவும் ஊறுகாய் எலுமிச்சையும் விற்பவர், ஒருநாள் கேட்டேவிட்டார்: "ஏம்மா ரஹீமோ, போன வாரம் இந்தக் கதவுல ஒரு இளவரசி அழுதா. இன்னிக்கு அவளையே காணோமே?" ரஹீமோ அசரவில்லை. "அவளுக்கும் வேர்க்காதா அண்ணே? மாடிக்குப் போயிட்டா."

ஸ்பானிய மொழி அவள் பள்ளியில் படித்ததில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், செப்தாவில் ஒரு ஸ்பெயின்காரர் வீட்டில் சமைத்து, தரை துடைத்து, பிள்ளைகளைத் தூக்கி வளர்த்துக் கற்றுக்கொண்டது. அதனால் அவள் ஸ்பானியத்தில் சமையலறை வாடை கொஞ்சம் அடிக்கும். பயணிகளைத் திட்டுவதும் கொஞ்சுவதும் பிள்ளைகளை அதட்டுகிற தொனியில்தான் வரும். "ஓரமா வா, கழுதை வருது." "அந்தப் பூனையத் தொடாத, அது தொழுகைக்குப் போயிட்டு இருக்கு." அவர்களுக்கு அது பிடிக்கும்.

கணவர் முஃபத்தல் மார்த்தில் என்ற கடற்கரைக்குப் போகும் பேருந்தை ஓட்டியவர். நல்ல மனிதர். நிறுத்தத்தில் இல்லாத கிழவிகளுக்கும் வண்டியை நிறுத்துவார். இப்போது அவருக்கு நினைவு போய்விட்டது. மகளைத் தன் அக்கா என்கிறார். ரஹீமோவைச் சில நாள் நடத்துநர் என்கிறார். பகலில் அவருடைய தங்கை ஃபாமா வந்து பார்த்துக்கொள்கிறாள். அந்தியில் ரஹீமோ போனதும் அவள் தன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பிறகு விடியும்வரை ரஹீமோதான். அவர் தூங்குவதில்லை. எழுந்து தலை வாரிக்கொண்டு, "மொத வண்டி எனக்கு" என்று கதவுக்குப் போவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டீர்கள் என்று உண்மையைச் சொன்னால் அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல அழுவார். அதனால் ரஹீமோ சொல்வதில்லை. "வண்டி இன்னும் டிப்போவுலதான் நிக்குது. செத்த படுங்க, வந்ததும் எழுப்பறேன்" என்பாள். அவர் படுப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுவார். ஒருமுறை அவள் கண்ணயர்ந்தபோது தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு பாப் ஓக்லா வாசல் வரைக்கும் போய்விட்டார். ரொட்டிச் சூளைக்காரர் ஒருவர்தான் கைபிடித்துக் கூட்டிவந்தார்.

"பகல்ல ஊராரக் கூட்டிட்டு நடக்கறேன். ராத்திரில ஒருத்தர நடக்கவிடாம பாத்துக்கறேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். புலம்பலாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

போன ஆகஸ்டில் ஷர்கி அடித்தது. கிழக்கே கடலிலிருந்து வரும் காற்று. காற்று என்பது பேருக்குத்தான், வீசாது, ஒட்டும். வெள்ளையடித்த சுவர்களெல்லாம் வேர்த்துக்கொண்டிருந்தன. காலையில் மொறுமொறுவென்று வாங்கிய ரொட்டி மதியத்துக்குள் ஈரத்துணி மாதிரி தொய்ந்துவிட்டது. அல்லால் அண்ணன் உப்பு டப்பாவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்தார். என் பட்டுநூல் விரலில் ஒட்டிக்கொண்டு சுருளைவிட்டு வரமாட்டேன் என்றது. சந்தில் இருந்த குழாயடிக் கல்லின் மேல் பூனைகள் உயிரற்றவைபோல் கிடந்தன. யாரும் யாரோடும் சண்டைகூடப் போடவில்லை. அதற்குத் தெம்பு வேண்டுமே.

அந்தப் புழுக்கத்தில் ரஹீமோ ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஸ்பெயினில் கடலுக்கு எட்டாத உட்பகுதியிலிருந்து வந்தவர்கள். ஃபெர்மின் என்ற நடுவயதுக்காரர், அவர் மனைவி, அவர் அம்மா அம்பாரோ, பிறகு அவர்களோடு வந்த நண்பர் ஒருவரும் அவர் மனைவியும். ஃபெர்மின் கையில் கைபேசி, அதில் அன்றைக்குப் பார்க்க வேண்டிய இடங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து முடித்ததும் விரலால் தட்டி அழித்துக்கொண்டே வந்தார். தோல் பதனிடும் குழிகள் முடிந்தன. மீன் கடைகள் முடிந்தன. வெள்ளிக்காரர் தெரு முடிந்தது. அம்பாரோ எல்லோருக்கும் பின்னால், சுவரோரமாக, ஒவ்வொரு வாசற்படியையும் பார்த்துக்கொண்டே வந்தார். எழுபதைத் தாண்டிய அம்மாள். வெள்ளை முடி, நீலச் சட்டை, தோளில் மஞ்சள் பை. முகம் வேகவைத்ததுபோல் சிவந்திருந்தது.

என் கடை முன்னால் வந்ததும் ரஹீமோ நின்றாள். "மேலே பாருங்க."

அவர்கள் மேலே பார்த்தார்கள். நான் ரஹீமோவைப் பார்த்தேன். பலகையில் இரண்டு கையையும் ஊன்றினாள். கண்ணை மூடினாள். மூடிய கண் திறக்கவில்லை. தாடை மெல்ல நெஞ்சில் இறங்கியது. நிற்கிற குதிரை தூங்குமே, அப்படித் தூங்கிவிட்டாள். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. நண்பரின் மனைவி குருவிக்கூட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ரெண்டு மூச்சு விடட்டும் என்று நினைத்தேன்.

"அம்மா எங்க?" என்று ஃபெர்மின் கேட்டார்.

ரஹீமோ திடுக்கென்று நிமிர்ந்தாள். வாய் தானாகவே பேசியது: "இங்கதான் சார், முன்னாடி போயிருப்பாங்க." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். மூன்று சந்திலும் நீலச் சட்டை இல்லை. அவள் முகத்திலிருந்து தூக்கம் ஒரே நொடியில் வடிந்துபோனதைப் பார்த்தேன். கூடவே நிறமும்.

"நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க?" என்றார் ஃபெர்மின்.

எங்கள் ஊரில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஸ்பானியம் ஓரளவு வரும். நான் குறுக்கே புகுந்தேன். "அவங்க எனக்கு நூல் எடுத்துக் குடுத்துட்டு இருந்தாங்க சார், நான்தான் கூப்பிட்டேன்..."

"வேணாம் ஸஃபியா" என்றாள் ரஹீமோ. அவர் பக்கம் திரும்பினாள். "நான் கண்ண மூடிட்டேன் சார். நின்னபடியே தூங்கிட்டேன்."

"தூங்கிட்டீங்களா? எங்கம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கு. இங்க பேசற பாஷை ஒண்ணும் தெரியாது. போன் கூட என் பையிலதான் இருக்கு. இந்தப் புழுக்கத்துல எங்கயாவது விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? உங்கள நம்பித்தானே வந்தோம்?"

"ஆமா சார்."

"நான் போலீசுக்குப் போறேன். உங்க அட்டையக் காட்டுங்க."

ரஹீமோ கழுத்து அட்டையைத் திருப்பி, முகம் தெரிகிற பக்கத்தை அவர் படமெடுக்கத் தோதாகப் பிடித்துக்கொண்டாள். "எடுத்துக்கங்க. மொதல்ல அம்மாவத் தேடுவோம். அப்புறம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே வழி காட்டறேன்."

அந்த அட்டை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. அது ஃபெர்மினுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவள் அதைச் சொல்லவும் இல்லை.

அல்லால் அண்ணன் ஆலிவ் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். பழைய நகரத்தில் ஆளைத் தேட ஒரே வழிதான் உண்டு. சந்து நடுவில் நின்று கைகுவித்துக் கத்தினார்: "நீலச் சட்டை, வெள்ளை முடி, மஞ்சள் பை! ஸ்பெயின்கார அம்மா ஒருத்தங்களப் பாத்தீங்களா?" மசாலாக்கடைக்காரர் வாங்கி அடுத்த முனைக்குக் கொடுத்தார். அங்கிருந்து தையற்காரர்களுக்குப் போயிற்று. ஒரு சுற்று சுற்றி எங்களிடமே திரும்பி வந்தபோது மஞ்சள் சட்டையும் நீல முடியுமாக ஒரு பிரெஞ்சுக்காரியை ஊரே தேடிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் ரஹீமோ விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஃபெர்மினையும் நண்பரையும் அல்லால் அண்ணன் பெரிய வாசல் பக்கம் கூட்டிப் போனார். அம்மாள் திரும்பி வந்தால் ஆள் வேண்டுமே என்று பெண்கள் இருவரும் என் கடையிலேயே இருந்தார்கள். மருமகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ரஹீமோ சூளைச் சந்துக்குள் நுழைந்தாள். நானும் பின்னால் போனேன்.

அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்துக்கொண்டு, எதிரே வந்த ரொட்டிப் பலகையை ஒதுக்கிக்கொண்டு போனாள். ஜெல்லாபா முதுகோடு ஒட்டியிருந்தது. "அம்பாரோ அம்மா" என்று ஒவ்வொரு வளைவிலும் கூப்பிட்டாள். சத்தம் ஈரச் சுவரில் பட்டு அங்கேயே செத்தது.

"முஃபத்தல் போனப்பகூட நான் இப்படிப் பயப்படல" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "அவருக்கு ஊரத் தெரியாட்டியும் ஊருக்கு அவரத் தெரியும். இந்தம்மாவ யாருக்குத் தெரியும்?"

"கெடச்சிருவாங்கடி."

"ரெண்டு பேரையும் நான் தூங்குன நேரத்துலதான் தொலைச்சேன். பாத்தியா? நான் தூங்கினா யாராவது ஒருத்தர் தொலையணும்னு எழுதியிருக்கு."

சூளைக்காரர் பார்க்கவில்லை என்றார். நெருப்புக்கு முன்னால் நிற்கிறவருக்கு அன்றைக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அவர் கடையைத் தாண்டி, மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி சிவப்புக் கோடு போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அகலத் தொப்பியோடு, பாலாடைக்கட்டி விற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரஹீமோ கேட்டதும் அவள் நிதானமாக நிமிர்ந்தாள்.

"வந்தாங்க. என் தொப்பி நெழல்ல தலைய விட்டு நின்னாங்க. நான் என்னத்த சொல்ல? மோர் குடுத்தேன், குடிச்சாங்க. என் கன்னத்தத் தொட்டுட்டு அந்தப் பக்கம் போனாங்க."

அந்தப் பக்கம் என்று அவள் காட்டியது வழி இல்லாத முட்டுச் சந்து. இரண்டு தோளும் உரசும் அகலம். நாலைந்து கதவுகள். முதல் கதவைத் தட்டினோம், யாரும் இல்லை. அடுத்ததில் ஒரு கிழவர் தூக்கக் கலக்கத்தில் எங்களையே யார் என்று விசாரித்தார். கடைசிக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அதன் அடியிலிருந்து சோப்புத் தண்ணீர் ஓடி வந்துகொண்டிருந்தது. ரஹீமோ கையை ஓங்கித் தட்டப் போனாள். அதற்குள், பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓர் இளம்பெண் வெளியே வந்தாள். அவள் பேர் தாமோ என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

"மெதுவாக்கா. தூங்குறாங்க."

ரஹீமோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "யாரு?"

"உங்க ஆளா? நீலச் சட்டையா? நான் முத்தம் கழுவிட்டு இருந்தேன், கதவு தொறந்து கெடந்துச்சு. இந்தம்மா வந்து வாசல்ல நின்னு ஈரத் தரையவே பாத்துட்டு நின்னாங்க. என்னமோ சொன்னாங்க, எனக்குப் புரியல. நான் சொன்னது அவங்களுக்குப் புரியல. செருப்பக் கழட்டிட்டாங்க. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க? உள்ள வாங்கன்னு சொல்லிட்டேன்."

முற்றத்தைத் தாண்டி நீண்ட அறை. நீலமும் பச்சையுமாக ஓடு பதித்த சுவர். சுவர் நெடுக மெத்தை போட்ட திண்டுகள். அந்தத் தெருவில் அவ்வளவு குளிர்ச்சியான இடம் வேறு இருந்திருக்காது. அம்பாரோ ஒருக்களித்துப் படுத்திருந்தார். நெற்றியில் தாமோ போட்ட ஈரத்துணி. வீங்கிய வெறும் பாதங்கள் ஒன்றின் மேல் ஒன்று. மஞ்சள் பை தலைமாட்டில் பத்திரமாக இருந்தது. சீரான, சின்னக் குறட்டை.

ரஹீமோ மண்டியிட்டாள். எனக்கே அந்த முழங்கால் வலித்தது. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து முற்றத்துக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கைபேசியை எடுத்தாள்.

"சார், கெடச்சுட்டாங்க. நல்லா இருக்காங்க. குறட்டை விடறாங்க. அவசரமில்ல, மெதுவா வாங்க."

அவர் ஓடியே வந்துவிட்டார். அல்லால் அண்ணன் வழியில் என் கடையில் நிறுத்தி மற்றவர்களையும் கூட்டி வந்திருந்தார். ஃபெர்மினின் சட்டை முழுக்க நனைந்து, முகம் அம்மாவின் முகம் மாதிரியே வெந்து போயிருந்தது. ரஹீமோ வாசலில் கையை நீட்டி மறித்தாள். "சப்பாத்தக் கழட்டுங்க. சத்தம் வேணாம்."

அறை வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தார். "பகல்ல தூங்கவே மாட்டாங்களே" என்று முணுமுணுத்தார்.

"காலைலேர்ந்து எங்கயாவது உக்காரலாமான்னு கேட்டுட்டே வந்தாங்க" என்றாள் அவர் மனைவி, அழுத குரலில். "இன்னும் ஒரே ஒரு எடம், இன்னும் ஒரே ஒரு எடம்னு நீங்கதான் சொல்லிட்டே வந்தீங்க. நேத்தும் அப்படித்தான். முந்தாநாளும் அப்படித்தான்."

"அவங்களுக்காகத்தானே இந்தப் பயணமே வந்தோம்."

"அத அவங்ககிட்ட யாரு கேட்டா?"

அவர் முற்றத்துப் படியில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கைபேசியை எடுத்தார், பார்த்தார். "இதுக்கு அடுத்து என்ன இருக்கு?" என்று ரஹீமோவிடம் கேட்டார். தான் கேட்டது தனக்கே அபத்தமாகப் பட்டிருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார்.

"அடுத்து ஒண்ணும் இல்ல சார். தண்ணி குடிங்க" என்றாள் ரஹீமோ. தாமோ கொடுத்த குவளையை அவரிடம் நீட்டினாள். குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு சொன்னாள்: "ஸ்டேஷன் ரெண்டு தெரு தள்ளிதான். இப்பவே கூட்டிட்டுப் போகட்டுமா?"

அல்லால் அண்ணன் மேலே பார்த்தார். ஃபெர்மின் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டே ரஹீமோவைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து அவள் பின்னால்தான் நடந்துவந்தார், ஆனாலும் அவள் முகத்தை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கண்ணுக்குக் கீழே கறுத்துத் தொங்கிய பைகளை. நிற்க முடியாமல் இடது பக்கமாகச் சாய்ந்த உடம்பை.

"நீங்க கடைசியா எப்பத் தூங்கினீங்க?" என்றார்.

"உங்கம்மா தொலைஞ்சப்ப" என்றாள் ரஹீமோ.

அதைச் சிரிப்புக்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. போலீஸ் என்ற சொல் அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை. பின்னால் யாரிடமும் அவர் புகார் கொடுக்கவும் இல்லை. "போய் உக்காருங்க, சென்யோரா. நாங்க எங்கயும் போகல" என்று மட்டும் சொன்னார்.

"முழிக்கும்போது தெரியாத வீடா இருக்கும், பயந்துருவாங்க. நான் பக்கத்துல இருக்கேன்" என்று ரஹீமோ உள்ளே போனாள். அம்பாரோ படுத்திருந்த அதே திண்டின் ஓரத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. ஒருமுறை எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்பதுபோல. அடுத்த முறை நான் பார்த்தபோது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அப்புறம் உடம்பும் மெல்லச் சரிந்து அம்பாரோவின் பக்கத்திலேயே படுத்துவிட்டது.

தாமோ தேநீர் போட்டாள். ஊற்றும்போது சத்தம் வரக்கூடாதென்று கெண்டியைக் குவளையோடு ஒட்டிப் பிடித்து ஊற்றினாள். கடலைமாவு அடை வாங்கிவர அல்லால் அண்ணன் சூளைக்குப் போனார். பெயர் தெரியாத வீட்டின் முற்றத்தில் நாங்கள் எல்லோரும் துக்க வீட்டில் உட்கார்வதுபோல் வரிசையாக உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் சாப்பிட்டோம். நண்பரின் மனைவி கூடப் படம் பிடிக்கவில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அறைக்குள் இரண்டு பேரும் அசையவில்லை. தாமோ மட்டும் எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது நான் சந்துக்கு வெளியே வந்து கைபேசியில் ஃபாமாவைக் கூப்பிட்டேன். ரஹீமோ வர நேரமாகும் என்றேன்.

"ஏன், என்ன ஆச்சு?" பதறினாள்.

"ஒண்ணும் ஆகல. தூங்குறா."

அவளுக்குப் பின்னால் முஃபத்தல் யாரையோ டிக்கெட் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம் வந்தது. "எங்க தூங்குறா?"

"தெரியாதவங்க வீட்டுல."

"அப்ப எழுப்பாத" என்றாள் ஃபாமா. "இன்னிக்கு அண்ணன்கூட நான் இருக்கேன்."

நான் திரும்பி வந்தபோது அம்பாரோ விழித்திருந்தார். படுத்தபடியே கூரையைப் பார்த்தார், ஓடு பதித்த சுவரைப் பார்த்தார். வாசலில் மகனையும் மருமகளையும் பார்த்தார். பயப்படவில்லை. பக்கத்தில் வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த ரஹீமோவைப் பார்த்தார். காலையிலிருந்து தன்னைக் கூட்டிக்கொண்டு நடந்தவள் என்று நிதானிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அம்மா, போலாமா?" என்று ஃபெர்மின் கிசுகிசுத்தார்.

அம்பாரோ எழ முயன்றார். பாதி எழுந்தவர், ஏதோ பிடித்து இழுத்ததுபோல் நின்றார். குனிந்து பார்த்தார். ரஹீமோவின் கை அந்த நீலச் சட்டையின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கமான பிடி. மற்ற உடம்பெல்லாம் துவண்டு கிடந்தும் அந்தக் கை ஒன்று மட்டும் தூங்கவில்லை.

அந்த விரல்களைப் பிரித்தெடுக்க அம்பாரோ கையைக் கொண்டுபோனார். கொண்டுபோன கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மகனைப் பார்க்காமல், சத்தமில்லாமல், தூக்கிய தலையை மறுபடியும் தலையணையில் வைத்துக்கொண்டார்.